பேண்டேஜ் சுற்றிய ஹேண்டில்பார்

அம்மாவுக்கு விமல் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? புனேயில் நான் சுகம்.

நெடுந்தூரம் போக வாங்கினேனே, அந்த சைக்கிளின் ஹேண்டில்பார் கிடாக்கொம்பு போல வளைந்தது. போன ஞாயிறு மலையிறக்கத்தில் விரல்கள் மரத்துப்போய் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஒரு புதரில் போய் நின்றேன். சட்டை மட்டும்தான் கிழிந்தது.

ஹேண்டில்பார் தாழ்வாகவும் எட்டத்திலும் இருந்ததால் உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கியிருக்கிறது. அதை சீட் உயரத்துக்கு ஏற்றி, கிட்டே இழுத்து வைத்துவிட்டேன். காயத்துக்கென்று, நீங்கள் சுருள் சுற்றும் கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய பேண்டேஜ் துணியை அதில் மெத்தென்று சுற்றி, மேலே டேப் போட்டேன். என் காலுக்கு நீங்கள் கட்டுப்போடுவது போலவே, ஒரு சுற்றின் பாதியில் அடுத்த சுற்று ஏறும்படி.

என்னோடு தங்கியிருக்கும் மம்சாபுரம் எட்வின் பார்த்துவிட்டு, "ஏலே, அடிபட்டது ஒனக்கா, சைக்கிளுக்கா?" என்றான்.

நேற்று அதே மலையில் ஏறி இறங்கினேன். விரல் மரக்கவே இல்லை. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இதிலேயே வருகிறேன், பயப்படாதீர்கள்.

இன்னும் இரண்டு சுருள் அனுப்புங்கள், நீங்கள் சுற்றியதாகப் பார்த்து. ஒன்று ஹேண்டில்பாருக்கு. மற்றதைப் பிரிக்க மாட்டேன்.

என் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

விமல்