பிரசென்ட் மிஸ்

அடியே பக்கத்து சீட்டுக்காரி,

உன் தம்பிப் பாப்பாவுக்கு இருமல் நின்றதா? அன்றைக்குக் கரும்புத் தோட்டத்து வரப்பில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் தோகைக் கட்டோடு வந்தாய். என் யூனிபார்மைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நானும் பார்க்காததுபோல் சைக்கிளை மிதித்துப் போய்விட்டேன்.

அதை விடு. நேரில் சொல்ல முகமில்லாமல் எழுதுகிறேன், திட்டாதே. உன் அம்மா கரும்பு வெட்டப் போய், நீ பாப்பாவோடு வீட்டில் நின்றுவிட்ட நாளிலிருந்து, அட்டெண்டன்ஸில் உன் பெயருக்கும் நான்தான் ‘பிரசென்ட் மிஸ்’ சொல்லிவந்தேன். புது மிஸ் தலை நிமிராமல்தான் பெயர் வாசிப்பார். பெயரை அடித்துவிட்டால் நீ திரும்பி வரவே முடியாது என்று பயந்தேன். பத்தொன்பது நாள். குரலைக்கூட மாற்றிக்கொண்டேன்.

நேற்று நம் கிளாஸ் தென்றல் திரும்பி வந்துவிட்டாள். அவளும் ஒரு வாரமாக நாற்று நடப் போயிருந்தாள். மிஸ் ஸ்கூட்டரில் பண்டசோழநல்லூர் வரை போய், அவள் அப்பாவிடம் பேசி அழைத்து வந்தாராம்.

“எங்க வூட்டுக்கெல்லாம் ஏன் மிஸ் வந்தீங்க?” என்று கேட்டாள்.

“ஏழு நாளா ஆப்சென்ட் விழுந்திருக்கு. தேடிக்கினு வரமாட்டனா?” என்றார் மிஸ்.

உன்னை யாரும் தேடி வராதது என்னால்தான்டி.

இன்று மிஸ் உன் பெயரை வாசித்தார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இரண்டாவது முறையும் வாசித்தார். அப்புறம்தான் தலையை நிமிர்த்தி, உன் இடத்தைப் பார்த்தார்.

யூனிபார்மைத் துவைத்து வை.

உன் இடத்தில் யாரும் உட்காராதபடி பையை வைத்திருப்பவள்