பெயின்ட்டோடு வந்த பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

கடையில் ரிப்பேருக்கு இரண்டு ரேடியோ, ஒரு மிக்ஸி. மிக்ஸி பிழைத்துக்கொண்டது. மத்தியானம் அண்ணி வந்தாள். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை. "படகுக்குள்ள தண்ணி ஏறினா கத்துற மாதிரி ஒரு பெட்டி செஞ்சு குடு. அதை மாட்டாம உங்கண்ணன் கடலுக்குப் போகக் கூடாது. சொல்லிட்டேன்."

போன வாரம் என்ஜின் சத்தத்தில் ஒன்றும் தெரியாமல், தண்ணீர் முழங்கால் வரை வந்த பிறகுதான் அண்ணன் பார்த்திருக்கிறான். கரைக்குப் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தான். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னான்.

பெட்டி செய்துவிடலாம். படகுக்குள் அதை எப்படி நிற்க வைப்பது?

மார்ச் 4, புதன்

பெட்டிக்கு அண்ணன் சரி என்கிறான். திருகாணிக்கு மாட்டேன் என்கிறான். "ஃபைபர் படகுல ஒரு ஓட்டைகூடப் போட விடமாட்டேன். தண்ணி வருதுன்னு சொல்றதுக்கு, தண்ணி வர நீயே வழி பண்ணுவியா?"

நியாயம்தான். கடுப்பாகவும் இருக்கிறது. ஆக, பசைதான்.

மார்ச் 7, சனி

பசைக் கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். "மூணுமே சூப்பர்மா." மூன்றும் சூப்பர் என்றால் மூன்று எதற்கு?

படகுப் பட்டறையில் கழித்துப்போட்ட ஃபைபர் துண்டுகளை வாங்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பலகையை ஒட்டினேன். கூடவே ஒரு செம்புக் கம்பியையும் போட்டு, டிபன் டப்பாக்களில் மூடி வைத்திருக்கிறேன். காய்ந்ததும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். குளியலறையில் வாளிக்கு இடம் ஒதுக்கியதை என் வீட்டுக்காரர் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டோடு திரும்பிப் போய்விட்டார். நல்ல மனுஷன்.

மார்ச் 14, சனி

சிலிகான் பசை காயும்போதே புளித்த காடி வாடை. டப்பாவைத் திறந்தால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறது. என் சர்க்யூட் என்ன கதியாகும்? வேண்டவே வேண்டாம்.

இரண்டைக் கலந்து பூசுகிற எபாக்ஸி மேல்தான் எனக்கு ஆசை. கல் மாதிரி பிடித்திருந்தது. துண்டை இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறிக் குதித்தேன் — பட்டென்று விட்டுவிட்டது. அலையில் படகின் உடம்பு வளைந்து கொடுக்கும். வளையாத பசையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மூன்றாவதான கறுப்பு பாலியூரிதேன் பசை ரப்பர் மாதிரி வளைந்தது, பலகையை விடவில்லை. என் விரலையும் விடவில்லை. அதுதான் என்று முடிவு செய்தேன். பலகையைப் படகில் ஒட்டி, பெட்டியைப் பலகையில் திருகிவிடலாம். படகில் ஓட்டையே விழாது.

மார்ச் 15, ஞாயிறு

ஒட்டியாயிற்று. படகுக்குள் எல்லாம் பளிச்சென்று இருந்தது. பரவாயில்லையே என்று அண்ணனை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

விழுந்துவிட்டது! கரையோரமாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம், பலகை பெட்டியோடு கழன்று காலடியில். அண்ணி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

பலகையைத் திருப்பினால் பின்னால் முழுக்க நீலப் பெயின்ட்.

"இது எப்ப அடிச்சே?"

"நீ வர்றேன்னு சொன்னியா... உள்ள அழுக்கா இருந்துச்சு. முந்தின நாள் ஒரு கோட்டு குடுத்தேன்."

அட கடவுளே. பசை பெயின்ட்டை விடவே இல்லை, பெயின்ட்தான் படகை விட்டிருக்கிறது. இவன் மேல கோபப்படுறதா, கட்டிப் பிடிச்சுக்கிறதா? வாளியில எல்லாத்தையும் ஊறப் போட்டுப் பாத்தேனே, இதைக் கேட்டேனா? நான் சோதித்தது வெறும் ஃபைபரை.

மார்ச் 22, ஞாயிறு

இருவரும் உட்கார்ந்து பெயின்ட்டைச் சுரண்டினோம். வெறும் ஃபைபர் தெரியும்வரை உப்புத்தாள், பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, அதே கறுப்புப் பசை. இந்தத் தடவை ஒரு வாரம் காயாமல் படகு நகரக் கூடாது. மிச்சப் பெயின்ட் டப்பாவை அண்ணி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

அண்ணன் வந்துவிட்டான். வந்துவிட்டான்.

நடுக்கடலில் என்ஜின் சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணீர் ஏறும் குழாய் கழன்றிருக்கிறது. பெட்டி கத்தியதும் காலடிப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீர் கணுக்கால்கூட நனையாத அளவு. குழாயைச் சொருகி, கயிற்றால் இறுக்கி, மெதுவாக ஓட்டி வந்திருக்கிறான். போனில் சொன்னான்: "என்னா கத்து கத்துது! அப்படியே உன்ன மாதிரி."

அண்ணி போனை வாங்கினாள். "சாப்பிட்டியா?" என்றாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். மனசு லேசாகிவிட்டது.

ஏப்ரல் 11, சனி

பெட்டியை மட்டும் திருகு கழற்றிச் சுத்தம் செய்யக் கொண்டுவந்தேன். பலகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. திங்கட்கிழமை தருகிறேன், அதுவரை படகை எடுத்துக்கொண்டு போ என்றேன். அண்ணன் போகவில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அரைமணிக்கு ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்கிறான்.