பெயர் உரிந்த கிழங்குகள்

லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.
பிப்ரவரி 9

அன்புள்ள மது அக்காவுக்கு,

பொன்னி எழுதுகிறேன். இங்கே உங்கள் அப்பா நலம். சாருக்கு இருமல் குறைந்துவிட்டது, காபி குறையவில்லை. மதுரையில் உங்களுக்குப் புது வேலையும் புது வீடும் பழகியிருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்க நேரமாகும் என்பதால் எழுத்தைப் பெரிதாக எழுதுகிறேன். புரியாத இடத்தை விட்டுவிடாதீர்கள், யாரிடமாவது கேட்டுப் படியுங்கள்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். போனில் சொல்லிவிடு என்று சார் மூன்று தடவை உங்கள் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். மணி அடிக்கும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூன்று தடவையும் கட் பண்ணிவிட்டு, நீங்கள் எடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். அந்த மூன்று மிஸ்டு காலும் நான்தான்.

நீங்கள் சொன்னபடியே டிசம்பரில் தண்ணீரை நிறுத்தி, இலை பழுத்ததும் பதினோரு அமரில்லிஸ் கிழங்கையும் தொட்டியிலிருந்து எடுத்தேன். ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றிப் பேப்பரில் பெயர் எழுதச் சொன்னீர்கள். பேப்பரைக் கண்டால் சார் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடுவாரே என்று பயந்து, கிழங்கின் தோலிலேயே மார்க்கரால் எழுதினேன். சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு, சிவப்பின் குட்டி என்று எல்லாம் தமிழில். நீங்கள் விதை போட்டு வளர்த்த கிழங்கில் ‘மது’ என்று எழுதினேன். நீங்கள் சொன்னதைவிட நல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசியில் நடுவதற்கு எடுத்தபோது மேல்தோல் காய்ந்து சலசலவென்று இருந்தது. தினமும் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற கை, அக்கா. சார் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டே உரித்துவிட்டேன். பதினொன்றும் சுத்தமான பிறகுதான் கீழே பார்த்தேன். முறத்தில் சருகோடு சருகாக உங்கள் பெயர் கிடந்தது. ஒவ்வொரு தோலாக எடுத்துக் கிழங்குகளில் பொருத்திப் பார்த்தேன். எல்லாத் தோலும் எல்லாக் கிழங்குக்கும் சரியாக இருந்தது.

பெரியவை ஆறைப் பற்றிக் கவலை இல்லை. சின்னவை ஐந்தில்தான் குழப்பம். அதில் நான்கு பெரியவற்றின் பக்கத்தில் முளைத்த குட்டிகள். சிவப்பின் குட்டி இரண்டு, ஆரஞ்சின் குட்டி ஒன்று, வெள்ளையின் குட்டி ஒன்று. ஐந்தாவது உங்களுடையது. நீங்கள் வெள்ளைப் பூவின் மகரந்தத்தைச் சிவப்பில் தடவினீர்களே, அதில் வந்தது. கருகிய காகிதம் மாதிரி இருந்த விதைகளை நாம் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, முளைத்ததெல்லாம் மழையில் அழுகி, மிஞ்சியது இது ஒன்று. குட்டி தாயைப் போலவே பூக்கும், விதையில் வந்தது எப்படிப் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது, உலகத்தில் வேறு எங்கும் இருக்காது என்று சொல்வீர்கள். நான்கு வருஷம் காத்திருந்தீர்கள். அதைத்தான் நான் கலந்துவிட்டேன்.

தோட்டக்கார மாலி பையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இதெல்லாம் ஒரே ஜாதிதான் பேட்டா, பூத்தால் தெரியும், பூக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் இந்த வீடு யாருடையதோ. மார்ச் முப்பத்தொன்றுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று சாருக்குக் கடிதம் வந்துவிட்டது.

கோபம் இருந்தால் சாரிடம் சொல்லுங்கள், அவர் என்னிடம் சொல்லுவார்.

பயத்துடன்,
பொன்னி

மார்ச் 14

அன்புள்ள மது அக்கா,

நாலு நாள் முன்பு நீங்கள் போனில் பேசியதை சார் ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். ஏம்மா, நீ தலையாட்டறது மதுரை வரைக்கும் கேக்காதும்மா என்று சார் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். கோபமில்லை என்று சொன்னதை நம்புகிறேன். ஆனால் அந்த ஒரு கிழங்கு மட்டும் வேண்டும், ஜன்னலில் ஒரு தொட்டிக்குத்தான் இடம் இருக்கிறது என்று சொன்னபோது உங்கள் குரல் மாறியது. அதையும் கேட்டேன்.

அதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலையில் வந்ததும் தொட்டி, பாத்திரம் தேய்த்ததும் தொட்டி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காபிப் பொடி வாங்கப் போனவள், பொடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்பப் போனபோது கடைக்காரர், பரீட்சையா பாப்பா, இவ்வளவு யோசனை என்று கேட்டார். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு என்ன பரீட்சை? ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியவை எல்லாம் பூத்துவிட்டன. சின்னவற்றில் இரண்டு போன வாரம் மலர்ந்தன. இரண்டும் அதே சிவப்பு, தொண்டையில் அதே வெள்ளை நட்சத்திரம். சிவப்பின் குட்டிகள் இரண்டும் கணக்கில் வந்துவிட்டன. நேற்று மூன்றாவது மலர்ந்தது. விடியும்போது மொட்டு நுனியில் வேறு நிறமாகத் தெரிந்தது. ஓடிப்போய் சாரை எழுப்பினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, ஆரஞ்சு, நல்லா தூங்கிண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் இரண்டு. ஒன்று வெள்ளையின் குட்டி, ஒன்று உங்களுடையது. இரண்டும் இலை மட்டும் விட்டிருக்கின்றன. சிவப்புப் பூச் செடிகளில் இலையின் அடியில் லேசாகச் சிவப்பு ஓடுகிறது, வெள்ளையில் ஓடவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் இனி பிரச்சினை தீர்ந்தது என்று ஓடினேன். இரண்டிலும் அடி பச்சைதான். உங்கள் கிழங்கு வெள்ளை அப்பாவைக் கொண்டிருக்கிறது போல.

மொட்டு கழுத்துக்குள் இருக்குமோ என்று விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். சார் பார்த்துவிட்டு, அதை நோண்டிண்டே இருந்தா அதுவும் உன்னை மாதிரி வாயைத் திறக்காது என்றார். அம்மாவும் விடவில்லை. ஊரில் உள்ளவர்கள் பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பார்கள், இவள் வெங்காயத்துக்குப் பார்க்கிறாள் என்று பக்கத்து வீட்டு அம்பிகா அக்காவிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அம்மா எனக்கு குர்காவ்னில் வேலை பேசி முடித்துவிட்டாள். ஒரு வீட்டில் தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து.

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. கண்டுபிடித்துவிடுவேன்.

பொன்னி

மார்ச் 29

அன்புள்ள மது அக்கா,

இந்தக் கடிதம் சாரோடு ரயிலில் வரும். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் பூக்கவில்லை. இனி இந்த வருஷம் பூக்காது என்று மாலி பையா சொல்லிவிட்டார். மாற்றி மாற்றிப் பார்த்தேன். இலையை அளந்தேன், எண்ணினேன், இரண்டு இலையைக் கசக்கி மோந்துகூடப் பார்த்தேன். ஒரு நாள் வலது தொட்டிதான் என்று தோன்றும், மறுநாள் அதுவே இடதாகிவிடும். நேற்று தொட்டிகளையே இடம் மாற்றி வைத்துவிட்டு, எதை எங்கே வைத்தேன் என்று அரை மணி நேரம் அழுதேன். அப்புறம் விரிசல் விட்ட தொட்டியைப் பார்த்து ஞாபகம் வந்தது.

பெரியவற்றை மேல்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். பூத்த குட்டிகள் மூன்றும் மாலி பையாவிடம் இருக்கின்றன. வீட்டில் உங்கள் அறையைக் காலி செய்தபோது சுவரில் நீங்கள் பென்சிலால் போட்டிருந்த படங்கள் அப்படியே இருந்தன. சார் பார்த்துக்கொண்டு நின்றார், நான் துடைக்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். ராத்திரி மாத்திரை மட்டும் மறந்துவிடுகிறார், நீங்கள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

விரிசல் விடாத தொட்டியில் இருந்த கிழங்கை மண்ணோடு எடுத்து, ஈரத் துணியில் கட்டி, சாரின் கூடையில் வைத்திருக்கிறேன். தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள். கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அது உங்களுடையதாக இருக்கலாம். வெள்ளையின் குட்டியாகவும் இருக்கலாம். இதுதான் அது என்று எழுதிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுத வரவில்லை.

இன்னொன்று என்னிடம் இருக்கிறது. குர்காவ்ன் வீட்டம்மாவிடம் அம்மாவை விட்டுக் கேட்டேன். பால்கனியில் ஒரே ஒரு தொட்டி வைத்துக்கொள்ளலாமாம்.

ஒரு விஷயத்தை மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. சார் கூடையைப் பார்த்துவிட்டு, எதுக்கு இந்த அவஸ்தை, ரெண்டையும் வை, எடமிருக்கு, அவ ஜன்னலை நான் பாத்துக்கறேன் என்றார். இடம் இருந்தது. நான்தான் ஒன்று போதும் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சார் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

அடுத்த மார்ச்சில் உங்கள் ஜன்னலில் யாரும் பார்க்காத நிறத்தில் பூத்தால், நான் செய்த தப்பு அன்றோடு தீர்ந்தது. எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வெள்ளையாகப் பூத்தால் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள். உங்கள் கிழங்கும் வெள்ளையாகவே பூத்துவிடலாம். இரண்டு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். போட்டோவில் நிறம் சரியாக வராது. கூரியரில் பூ தாங்காது. அதற்கு நீங்கள்தான் வர வேண்டும், அக்கா. பூ ஐந்து நாள் இருக்கும். மொட்டு வந்ததும் எழுதுகிறேன்.

குர்காவ்ன் வீட்டு எண்ணும் மாடியும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்தில்தான்.

நீங்களும் சாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள்
பொன்னி