அக்கா போகாத இரண்டாவது பரிசோதனை

என்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்த கஸ்தூரி அக்காவுக்கு,

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தத்தின் முடிவு இன்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடைத்தது. ஹெபடைடிஸ் சி கிருமி என் உடம்பில் இப்போது இல்லையாம். உன்னைக் கொண்டுபோன அதே கிருமிதான்.

முதல் நாள் டாக்டரம்மா, "எப்பவாவது பச்சை குத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார். கையை நீட்டினேன். வெள்ளிமலைத் திருவிழா ஞாபகம் இருக்கிறதா அக்கா? என் கையில் உன் பெயர், உன் கையில் என் பெயர், இருவருக்கும் ஒரே ஊசி. கண்ணில் தண்ணீரை வைத்துக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்குது" என்று பொய் சொன்னாய். மலை இறங்கும் வரை பஸ்ஸில் பலாச்சுளை தின்றோம். அந்த ஊசியால்தான் வந்ததா என்று டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்திருந்தாலும் அந்த நாளை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை.

என்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து நீ வீடு திரும்பும்போது, ரத்தத்தில் ஏதோ இருக்கிறது, இன்னொரு பரிசோதனைக்கு வாருங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள். நீ கண்ணாடியில் கண்ணைப் பார்த்துவிட்டு, "மஞ்சளாவே இல்லியே. எனக்கு இன்னா நோவு?" என்றாய். நானும் தலையாட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று கீழாநெல்லியை மோரில் அரைத்து ஏழு நாள் கொடுத்தேன். உப்பில்லாப் பத்தியம் வேறு. அதோடு சரியாகிவிட்டது என்று நம்பி, சீட்டை மறந்தோம். பல வருஷம் கழித்து ஈரல் கெட்டு உன் வயிறு வீங்கியபோதுதான் ஓடினோம்.

நீ போன பிறகு எனக்கு எடுத்த முதல் பரிசோதனையிலும் ரத்தத்தில் ஏதோ இருப்பதாகத் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் கீழாநெல்லி பறிக்கத்தான் கிளம்பினார். நான் பஸ் ஏறினேன். இரண்டாவது பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியானது. தினம் மாத்திரை, மூன்று மாதம். அவ்வளவுதான் அக்கா. இவ்வளவு சுலபமா என்று உன்மேலும் என்மேலும் கோபம் வந்தது.

தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றலாம், சின்னசேலத்தில் இருக்கும் உன் மகள் அமுதாவும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டரம்மா. போனில் சொன்னேன். "பாத்து, இருந்துடுச்சின்னா சித்தி?" என்று கேட்டாள்.

"இருந்தா மாத்திரை சாப்புடலாம். நான் கூடவே இருக்கேன்."

உன்னிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். திங்கட்கிழமை அவளை நானே கூட்டிப் போகிறேன். முடிவு கைக்கு வரும் வரை அவளைத் தனியே விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அமுதாவின் சித்தி மல்லிகா