முதல் இரண்டு இஞ்ச் இல்லாத டேப்

லிங்கராஜபுரம், பெங்களூர்
25-11-2003

அன்பு மகன் அசோகனுக்கு அப்பா பச்சைமுத்து எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி கிருத்திகா, தையல் மெஷின் நாலு பேரும் சுகம், மெஷினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். மஸ்கட்டில் நீயும் நீ ரிப்பேர் பார்க்கிற ஏசிகளும் குளிர்ச்சியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அம்மா அழுதே நேரத்தை முடித்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். அவளுக்கு முட்டிவலி, டாக்டர் உட்கார்ந்தே இருக்கச் சொல்லிவிட்டார், உட்கார்ந்த இடத்திலிருந்து என்னைத் திட்டுவது இன்னும் வசதியாகிவிட்டது. கிறிஸ்துமஸ் துணி கடையில் மலையாகக் குவிந்து கிடக்கிறது, இந்த நேரத்தில்தான் வீட்டில் ஒரு ரகளை, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

கிருத்திகா பள்ளிக்கூடத்தில் ஆகஸ்ட் மாதம் புதுமாதிரி பரீட்சை ஒன்று வைத்தார்கள். பதில் எழுத வேண்டாமாம், வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினால் போதுமாம், மெஷினே திருத்திவிடுமாம். படிக்கவும் வேண்டாமாம், புரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்களாம். இதெல்லாம் நம் காலத்தில் இருந்திருந்தால் நான் மூணாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன், நாலாவது வரைக்குமாவது போயிருப்பேன் என்று அன்றைக்குச் சிரித்தேன். போன வாரம் அதன் ரிசல்ட் வந்தது. மார்க் இல்லை, ரேங்க் இல்லை, கோடு கோடாகப் படம் போட்டிருந்தது, புரிந்த அளவுக்குக் கோடு உயருமாம். எப்போதும் பர்ஸ்ட் வருகிற உன் தங்கச்சியின் கோடுகள் வகுப்பிலேயே குட்டையாக இருந்தன. அவ்வளவுதான், சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே நாலு நாள். அப்போ இத்தனை வருஷம் நான் வாங்கின பர்ஸ்ட் ரேங்க் எல்லாம் பொய்யாப்பா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பொய்யா இருந்தா அதுக்குப் பரிசாக் குடுத்த எவர்சில்வர் டப்பால தினமும் எப்படிம்மா கடைக்குத் தயிர்சாதம் கட்டிக்கிட்டுப் போறேன் என்றேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

அந்தக் கேள்வித்தாளை நானும் வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே. ஒரு ஸ்கேல், அதன் மேல் ஒரு பென்சில். பென்சிலின் வால் ஒன்றாம் எண்ணில், கூர் ஆறாம் எண்ணில். நீளம் எவ்வளவு என்பதுதான் கேள்வி என்று அவள் சொன்னாள். அஞ்சு என்றேன், கத்தரிக்கோலைக் கூடக் கீழே வைக்கவில்லை. அவள் போட்டது ஆறு. வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் ஆறுதான் போட்டார்களாம், அதில் நிறையப் பேர் ரேங்க்காரர்களாம். உனக்கு நம் கடை டேப் ஞாபகம் இருக்கும், உன் அம்மா இஸ்திரிப் பெட்டி வைத்துச் சுட்டதில் முதல் இரண்டு இஞ்ச் போய்விட்டதே, அதே டேப்தான் இன்றைக்கும். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கிருத்திகாதான் அதில் அளவெடுத்து நோட்டில் எழுதுகிறாள், பத்தொன்பது காட்டினால் பதினேழு என்று எழுதுகிறாள், ஒரு சட்டைகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. ஏம்மா, கடையில் கழிக்கத் தெரிந்த உனக்கு அங்கே தெரியவில்லையா என்று கேட்டேன். அது கடைப்பா, இது பரீட்சை, பரீட்சைல கடைய யாராவது நினைப்பாங்களா என்று என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்த கேள்வியில் நானும் மாட்டிக்கொண்டேன், திமிங்கலம் படத்தைக் காட்டி இது என்ன வகை என்றாள், மீன் என்றேன். அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்ப்பா என்றாள். பால் கறக்க யார் போவார்கள் என்றேன். நாலு நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

ஆனால் சிரிப்பு தங்கவில்லை, காரணம் ஒரு சீட்டு. அடுத்த வருஷமும் இந்தப் பரீட்சை இரண்டு தடவை உண்டு, விருப்பம் உள்ள பிள்ளைகள் மட்டும் எழுதலாம், ஆமாவா இல்லையா என்று டிக் அடித்துப் பெற்றோர் கையெழுத்தோடு திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். இல்லைன்னு போடுப்பா, பழைய பரீட்சைல பர்ஸ்ட் வரேன், அது போதும் என்று ஒரே பிடிவாதம். உன் அம்மாவும் அவள் கட்சி, நல்லாப் படிக்கிற பிள்ளைய எதுக்கு இன்னொரு தடவை அவமானப்படுத்தணும் என்கிறாள். அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் நோயல் சட்டை அளவு கொடுக்க வந்தவர், இனிமே வரப்போறது எல்லாம் இந்த மாதிரிதாங்க, இவ இப்ப தப்பு பண்ணினா நல்லது, காலேஜ் வாசல்ல பண்ணினாதான் கஷ்டம் என்றார். இருக்கலாம். நான் வாத்தியாருக்குக் காலர் தைக்கிறவன், எனக்கென்ன தெரியும். ஒரு பக்கமும் சேராமல் சீட்டை மெஷின் டிராயரில் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் கூட்டம். கிருத்திகா ஒரு பையனுக்குக் கை நீளம் அளந்தாள், டேப் பத்தொன்பது காட்டியது, நோட்டில் பதினேழு என்று எழுதினாள். எழுதிய பென்சில் அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பையன், அக்கா முடிஞ்சுதா என்று இரண்டு தடவை கேட்டான். நான் துணி வெட்டுகிற மாதிரியே குனிந்துகொண்டேன். டேப்பின் சுட்ட முனையை விரலால் தடவிப் பார்த்தாள், மிச்சம் ஆறு பேருக்கும் அளவெடுத்தாள். கடை சாத்தும்போது டிராயரைத் திறந்து சீட்டை என் முன்னால் வைத்தாள், கையெழுத்துப் போடுப்பா என்றாள். டிக்கை அவளே அடித்துவிட்டிருந்தாள், ஆமா என்பதற்கு நேரே. நான் பேசாமல் போட்டிருக்கலாம், என் வாய் சும்மா இருக்குமா, இதிலும் குட்டைக் கோடு வந்தால் என்னம்மா பண்ணுவாய் என்றேன். வந்தா வரட்டும், எங்கேருந்து குட்டைன்னு பார்க்கலாம் என்றாள். நான் போட்ட கையெழுத்து கோணலாகப் போய்விட்டது, கண்ணில் நூல் தூசி.

அவளுக்கு நீ தனியாக ஒரு வரி எழுது, புத்திமதி வேண்டாம், கிண்டல் மட்டும் போதும். வெயிலில் மாடிக்கு ஏறி வேலை பார்க்கும்போது தலையில் துணி கட்டிக்கொள். மூன்றே அடியில் உலகத்தை அளந்த நம் திருக்கோவிலூர்ப் பெருமாள் உனக்கு ஆயுசையும் ஆரோக்கியத்தையும் அளக்காமல் கொடுக்கட்டும். பொங்கலுக்குச் சட்டை தைத்து அனுப்புகிறேன், மார்பு, தோள், கை அளவு எழுதி அனுப்பு. போன தடவை மாதிரி வெறும் எண்ணை மட்டும் எழுதாதே, எந்த எண்ணிலிருந்து அளந்தாய் என்றும் எழுது.

இப்படிக்கு,
திமிங்கலத்தை மீன் என்று சொன்ன உன் அப்பா,
பச்சைமுத்து