கொழுப்பில்லாத வீடு

சாக்ரமெண்டோ, மார்ச் 3, 1993

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

பார்சல் வந்தது. வெண்ணெய் பிஸ்கட் மொத்தத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் வீட்டில் இப்போது ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கடையில் 'கொழுப்பு அறவே இல்லை' என்று போட்ட பிஸ்கட் வருகிறது. நேற்று ஒரு பெட்டியை ஒரே மூச்சில் காலி செய்தேன், மனம் உறுத்தவே இல்லை! ஒன்றரை வயது கெல்சிக்கும் ஆடை முழுக்க எடுத்த பால்தான். அப்பா நாற்பத்தாறு வயதில் மாட்டுத்தொழுவத்தில் மாரடைத்து விழுந்ததை நான் மறக்கவில்லை. என் மகளுக்கு அது வரக் கூடாது.

உன் ஜோலின்

*

விஸ்கான்சின், மார்ச் 19

அடியே ஜோலின்,

ஆடை எடுத்த பாலை நாங்கள் பன்றிக்குட்டிகளுக்குத்தான் ஊற்றுவோம். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "உன் தங்கச்சிக்குப் பைத்தியமா? கன்னுக்குட்டிக்குக்கூட நான் அந்தத் தண்ணியக் குடுக்கமாட்டேன்" என்கிறார். நீ அனுப்பிய படத்தில் கெல்சி போட்டிருப்பது கிறிஸ்துமஸுக்கு நான் தைத்த கால்சட்டை. அது இன்னும் இடுப்பில் நிற்கவில்லையே. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டாக்டரிடம் காட்டு.

ஆர்டிஸ்

*

ஏப்ரல் 8

அக்கா,

காட்டினேன். நான்கு மாதமாக எடை ஏறவே இல்லை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார், பெருமையாக ஒப்பித்தேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த வயசுல மூளை வளரவே கொழுப்பு வேணும்மா. முழுப் பால் குடுங்க. நீங்களும் இப்படி அடியோட நிறுத்தாதீங்க."

என்னால் அதை ஊற்ற முடியவில்லை. கோப்பையைப் பார்த்தாலே அப்பா முகம். அடக்கத்தன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெண்ணெதாண்டி உங்கப்பாவக் கொன்னுச்சு" என்றாளே, அப்போது எனக்கு எட்டு வயது. இங்கே என் வீட்டுக்காரர் டென்னிஸ்தான் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். நான் அதுவரை வெளியே தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன். ஏதாவது சொல்லு, அக்கா.

ஜோலின்

*

ஏப்ரல் 15

கண்ணே ஜோலின்,

இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அப்பா நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட் பிடிப்பார், தொழுவத்தில், வைக்கோலுக்குப் பக்கத்திலேயே. சர்ச்சில் எல்லோர் முன்னும் விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர். அவர் போன அன்று டாக்டர் சிகரெட்டைத்தான் சொன்னார். ஊருக்குத் தெரிந்தால் அவமானம் என்று அம்மா வெண்ணெய் மேல் பழியைப் போட்டாள். தொழுவத்தில் கிடந்த சிகரெட் துண்டுகளைக் கூட்டி அள்ளியது நான்தான், என்னிடமும் வாக்கு வாங்கிக்கொண்டாள். வெண்ணெய்க்கும் அதில் பங்கு இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. நீ பயப்படாமல் குழந்தைக்கு ஊற்று. அம்மாவும் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது, இனி யாருக்கு அவமானம்?

உன் அக்கா

*

ஜூன் 2

ஆர்டிஸுக்கு,

கெல்சி ஒன்றரை பவுண்டு ஏறியிருக்கிறாள். பாலை நான்தான் ஊற்றுகிறேன். நன்றி.

அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. புருஷனைப் பறிகொடுத்த அன்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். உன் மார்ச் மாதக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பன்றிக்குட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய். கால்சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறாய். குழந்தை இளைத்துக்கொண்டிருந்ததும் உனக்குத் தெரியும், என் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். சிகரெட்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

இந்தக் கோடையில் நாங்கள் அங்கே வரவில்லை. எப்போது வருவோம் என்று கேட்காதே.

ஜோலின்