நம்ம வண்டியில் ஹீட்டர் இருந்ததாம்

என் அன்பான என்னங்க,

ஸலாம். நீங்கள் இருக்கும் இடம் குளிர்ச்சியாக இருக்கட்டும். இங்கே ஆம்பூரில் வெயில் ஜாஸ்தி. உங்கள் காரின் ஏசிக்கு உண்மையில் என்ன கோளாறு என்று ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. கேட்கத்தான் நீங்கள் இல்லை.

உங்கள் தம்பி ரஃபீக் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் உங்களுடைய பழைய சிவப்பு ஜெர்மன் காரில்தான் மண்டபத்திலிருந்து வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. "கேஸ் ரொப்பிட்டா போதும் பாபி, ஏசி ஜில்லுனு வரும்" என்று அண்ணியான என்னிடமே சொன்னார். உங்கள் வாயால் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் ரொப்பினீர்கள். ஒவ்வொரு கோடையும் வெந்தோம்.

ஞாபகம் இருக்கிறதா? தலை வலிக்கிறது, ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்பேன். "மூடு, ஏசி வீணாப்போவுது" என்பீர்கள். ஏதோ நாற்றம் வருகிறது என்பேன். "டேனரிக்காரன் பொண்டாட்டி நீ. நாத்தம் உனக்கு இன்னா புதுசா?" என்று சிரிப்பீர்கள். ஏலகிரி மலை ஏறும்போதும் அதே பதில்தான். அங்கே தோல் பதனிடும் டேனரி எங்கே இருக்கிறது?

தோல் நாற்றத்திலேயே நின்று நின்று உங்கள் மூக்கு செத்துப்போயிருந்தது. அதற்கு என் மூக்கைக் கேலி செய்தீர்கள். என் தலைவலி குடும்பத்துக்கே தமாஷாகிப் போனது. கார் சாவியை நீங்கள் எடுத்தாலே, "பாபிக்குத் தலை வலிக்கப் போவுது" என்று எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். வேறு என்ன செய்வது?

இந்தத் தடவை சிரிக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் புதுப் பெண்ணை அதில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அண்ணன் வண்டியத் தர மனசில்ல, அதான் தலைவலி புராணம்" என்று ரஃபீக் தன் மனைவியிடம் சொன்னார், என் காதில் விழும்படியாகவே. விழட்டும். சாவியை நான் கொடுக்கவில்லை.

வேலூரிலிருந்து சேகர் என்று ஒரு ஏசி மெக்கானிக் வந்தார். பின்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து முன்பக்கம் வரை ஓடும் ரப்பர் குழாய்கள் பழசாகிக் கேஸ் கசிகிறது என்றார். அது உங்களுக்கும் தெரிந்த கதைதான். நான் விடவில்லை. "ஏசிய நிறுத்துங்க. இன்ஜின் மட்டும் ஓடட்டும். இப்ப நான் கால் வைக்கிற எடத்துல கைய வைங்க" என்றேன்.

வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "இன்னாமா இது, ஹீட்டர் ஓடுது!"

"ஆம்பூர்ல எவன்யா ஹீட்டர் போடுவான்?" என்று ரஃபீக் சிரித்தார்.

யாரும் போடவில்லை. அது தானாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இன்ஜினைக் குளிர வைப்பது தண்ணீர் இல்லை, காற்றுதானாம். அந்தக் காற்றில் கொஞ்சம் சைலன்சர் குழாயைச் சுற்றி ஓடிச் சூடாகி, குளிர் நாட்டுக்காரர்களுக்காகக் காருக்குள் வரும். வேண்டாதபோது தடுக்க ஒரு மூடி இருக்கிறது. நம் வண்டியில் அது துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டது. முன்னால் ஏசி, காலடியில் அடுப்பு. இதற்குத்தான் வருஷா வருஷம் கேஸ் ரொப்பினீர்கள்.

அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சேகர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு முகம் மாறி எழுந்தார். "ஜன்னல மூடிக்கினா இதுல போனீங்க? கொழா ஓட்டையா கீது. பொகை நேரா உள்ள வருதும்மா. அதுல இருக்கிற விஷ வாயுவுக்கு வாசனையே கெடையாது. தலைவலியோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் சொன்னது அத்தனையும் நிஜம். அதை யாரிடம் சொல்லிக் காட்ட வேண்டுமோ, அந்த ஒரே மனிதர் மண்ணுக்குள் இருக்கிறார்.

அப்புறம் அந்த மூடியின் கம்பியைப் பார்க்க உங்கள் சீட்டைக் கழற்றினார்கள். அடியில் தலைவலி மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி. ஒரு கை கொள்ளாத அளவு. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை.

ரஃபீக் அவற்றைப் பொறுக்கி எடுத்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாவம் அண்ணன். யாருகிட்டயும் சொல்லாம தாங்கிக்கினு இருந்திருக்காரு" என்றார்.

ஒரே கார், ஒரே புகை. எனக்கு வந்தால் புராணம், உங்களுக்கு வந்தால் பொறுமையா? உங்கள் தலையும் வெடித்துக்கொண்டிருக்கும்போது, என்னைப் பார்த்து எப்படிச் சிரித்தீர்கள்? அந்த வண்டியை விட நான் அவ்வளவு இளப்பமா? மாரடைப்பு என்றுதான் டாக்டர் சொன்னார். இந்தப் புகைக்கு அதில் பங்கு உண்டா என்று இனி யாரைப் போய்க் கேட்பேன்?

பெண்ணும் மாப்பிள்ளையும் வேறு காரில் வரட்டும் என்று ரஃபீக்கே சொல்லிவிட்டார். மெக்கானிக் கண்டுபிடித்தார் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லட்டும்.

உங்கள் மய்யித்தை அடக்கம் செய்ய எடுக்கும் முன் அவர்தான் கதவோரம் வந்து நின்று, "அண்ணன் எதுனா தப்பு பண்ணியிருந்தா மாஃப் பண்ணிடுங்க பாபி" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்பதுதான். பண்ணிவிட்டேன் என்றேன். அன்றைக்குத் தெரிந்ததையெல்லாம் மனதாரத்தான் மன்னித்தேன். இந்த மாத்திரை அட்டைகள் அந்தக் கணக்கில் இல்லை.

உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்பதை விடமாட்டேன். அது என் வாக்கு. ஆனால் இந்த ஒன்றுக்கு உங்கள் தம்பி வந்து கேட்டால் போதாது. மறுமையில் என்னைப் பார்க்கும்போது நீங்களே கேளுங்கள்.

உங்கள் மனைவி,
ஷமீம்